பழக்கடையில் உட்கார்ந்த கேப்டன்

மற்ற ஊர்களில் கால்பந்து ஆடுகிறவர்கள் ஆட்டத்தன்று காலையில் எழுந்ததும் எதைப் பார்ப்பார்களோ, எனக்குத் தெரியாது. நாங்கள் மலையைப் பார்ப்போம்.

மேலகரத்தில் என் கடை வாசலில் நின்றால், மேகம் கொஞ்சம் விலகுகிற நேரத்தில், குற்றாலத்து மெயினருவி மலைமேல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். சீசன் நாளில் அந்தக் கோட்டின் பருமனை வைத்தே எங்கள் அணியில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று சொல்லிவிடலாம். கோடு நூலாக இருந்தால் அருவியில் கூட்டம் இல்லை, பையன்கள் பாதிப் பேர் சும்மா இருப்பார்கள். விளக்குத் திரி மாதிரித் திரண்டிருந்தால் கதை முடிந்தது. எங்கெங்கிருந்தோ வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஆட்டோ ஓட்டுகிறவன், எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவன், பழம் விற்கிறவன் ஒருத்தனும் கைக்குச் சிக்க மாட்டான். கோடு, காயப்போட்ட துண்டு மாதிரி அகலமாகத் தெரிந்தால் வெள்ளம். தண்ணீர், அருவிக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சுக்கு மேலே விழும், போலீஸ்காரர்கள் கயிறு கட்டிவிடுவார்கள், குளிக்கத் தடை. அன்றைக்குத்தான் எங்கள் அணி முழுசாகக் கூடும்.

ஆகையால் எங்கள் கேப்டனுக்கு ஒரு விசித்திரமான வேண்டுதல் உண்டு. மலையில் கொட்ட வேண்டும், மைதானத்தில் சொட்டக் கூடாது. இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அந்தச் சாமியே, "ஏலே, ஒண்ணு கேளு, ரெண்டும் கேக்காத" என்று சொல்லிவிடும்.

நான் மோட்டார் சைக்கிளுக்கு சீட் கவர் தைக்கிறவன். கடை என்று சொன்னாலும் அது ஒரு தையல் மெஷினும், சுருட்டி வைத்த ரெக்ஸின் துணிகளும், நான் உட்கார ஒரு ஸ்டூலும்தான். ஸ்டூலில் நான் உட்கார்ந்த நேரம் குறைவு. ஒரு கவர் தைப்பதற்குள் பல தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருவேன். பக்கத்து டீக்கடைக்காரர், "அண்ணாச்சி தைக்காவளா, நடை பழகுதாவளான்னே தெரியல" என்பார். விளையாட்டிலும் அப்படித்தான். இடது பக்கம் கடைசியில் நிற்கிற ஆள் நான். நிற்கிற ஆள் என்று பெயர், நின்றது கிடையாது. நாற்பதை நெருங்குகிற வயதில் முழங்கால் வலி ஒன்று மழைக்காலத்தில் என்னைவிட முன்னால் எழுந்துகொள்ள ஆரம்பித்தது. அப்போதுதான் என்னைக் கேப்டன் ஆக்கினார்கள்.

ஆக்கியது முந்தைய கேப்டன். அவனுக்குப் போலீஸில் வேலை கிடைத்துப் பயிற்சிக்குப் போனான். எங்கள் பக்கம் நன்றாக ஓடுகிறவனை எல்லாம் போலீஸும் மிலிட்டரியும் அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருக்கிறவர்களை வைத்துத்தான் நாங்கள் அணி கட்டுவது. போகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னான்: "இனிமே அண்ணாச்சிதாம்லே கேப்டன். தோத்துட்டு வந்தா திட்டுததுக்கு ஒரு ஆளு வேணும்லா? அண்ணாச்சி திட்டு வாங்குனா முகம் வாடாது."

கேப்டனுக்கு அவன் சொன்ன இலக்கணம் அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், எனக்கும் கேட்டு வைத்துக்கொள்வதில் ஓர் ஆசை. எங்கள் அணியில் நடுவில் நின்று தடுக்கிறவன் அருவிக்கரையில் மசாஜ் செய்கிறவன். அவன் சொல்வான்: "கேப்டன் கை தோள்ல விழுந்தா வலிக்கக் கூடாது அண்ணாச்சி. ஆனா விழுந்தது தெரியணும்." தொழில்காரன் பேச்சு. டீக்கடைக்காரர் சொன்னது வேறு: "கேப்டன்னா மத்தவன் குடிச்ச பொறவு டீ ஆறிப்போயிருக்கும், அதக் குடிக்கிறவன்." அன்றைக்கு எனக்கு ஆறின டீயையே கொடுத்தார்.

ஆட்டோ ஓட்டுகிறவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கோல் போடுகிறவன் அவன்தான். அவன் தனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தான். பஸ் போன பிறகு ஆட்டோவில் சாய்ந்து நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் மற்றவர்களிடம் சொன்னான்: "சரிதாம்லே. நம்ம டீமுக்கு சீட்டு கவர் தைக்கத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகம் வாடாத ஆள் அல்லவா.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் அது ஒரு தவிப்பு. இத்தனை வருஷம் ஆடியதில் டாஸ் போடுகிற இடத்துக்கு நான் போனதே இல்லை. நடு மைதானத்தில், அந்தப் பக்கத்துக் கேப்டனோடு கை கொடுத்து, காசு மேலே போவதைத் தலை நிமிர்ந்து பார்த்து, "தலை" என்றோ "பூ" என்றோ ஒரு சொல் சொல்ல வேண்டும். கேட்டால் சின்ன ஆசைதான். முழங்கால் சொல்கிற கணக்குப்படி இந்த சீசன் தாண்டாது. அதனால் கேப்டன் கையில் கட்டுகிற பட்டை ஒன்றும் தைத்து வைத்திருந்தேன். கறுப்பு ரெக்ஸின், ஓரத்தில் சிவப்பு, உள்ளே எலாஸ்டிக். என் கையிலேயே அளவு எடுத்து, இரட்டைத் தையல் போட்டது. வண்டி சீட்டுக்குக்கூட நான் அப்படித் தைத்தது கிடையாது.

புளியறையில் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு மைதானம் இருக்கிறது. லாரிகள் வரிசையாக நிற்கிற ரோட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில். அங்கே ஒவ்வொரு சீசனிலும் எழுவர் கால்பந்துப் போட்டி வைப்பார்கள். அந்தப் பக்கம் கேரளத்தில் இருந்தெல்லாம் அணிகள் வரும். போன வருஷம் நாங்கள் ஆறு பேராகப் போய் நின்றோம். அருவியில் தண்ணீர் திரி மாதிரி விழுந்த நாள். போட்டி நடத்துகிறவர் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுகிற பெரிய மனிதர். எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "எந்தா இது? ஏழாவது ஆள் அருவியில குளிக்கான் போயோ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வருஷம் கெஞ்சி இடம் வாங்கியிருந்தோம். ஒரே நிபந்தனை: மறுபடியும் ஆள் குறைந்தால் இனிமேல் எந்த வருஷமும் அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம்.

எங்கள் அணியில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். ஆட ஏழு பேர் வேண்டும்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்றைக்கு விடிந்ததும் வாசலுக்குப் போனேன். கோடு துண்டு மாதிரி இருந்தது. துண்டு என்ன, வேட்டியை விரித்த மாதிரி. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே போனை எடுத்து எல்லாருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "ஏலே, இன்னும் ஆர்ச்சுக்கு மேலதாம்லே விழுது! எல்லா அருவியிலயும் தடை. இன்னைக்கு ஒரு பய வேலை இருக்குன்னு சொல்லக் கூடாது, கேட்டியளா. எல்லாவனும் கடைக்கு வந்து சேருங்க."

வந்தார்கள். பழக்கடைப் பையன் மட்டும், அம்மாவோடு கடையைத் திறந்து வைத்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். எங்கள் கோல்கீப்பர் அவன். மற்றவர்கள் என் கடைக்குள்ளும் வெளியிலுமாக உட்கார்ந்து கால்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாரல் வருவதும் போவதுமாக இருந்தது. நான் பட்டையைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மசாஜ்காரனுடைய போன் அடித்தது. அவன் பேசிவிட்டு என்னைப் பார்த்தான். அடுத்து ஆட்டோக்காரன் போன் அடித்தது. அவன் பேசிவிட்டு மற்றவர்களைப் பார்த்தான்.

"என்னலே?" என்றேன்.

"ஐந்தருவியில விட்டுட்டாவளாம் அண்ணாச்சி" என்றான் மசாஜ்காரன்.

"எது, குளிக்கவா?"

"பொறவு என்ன, பாத்துட்டுப் போகவா? தடைய எடுத்துட்டாவ. தென்காசில இருந்து வண்டி லைன் கட்டி வருதாம்."

இதுதான் நான் செய்த பிசகு. என் வாசலில் இருந்து தெரிகிறது மெயினருவி மட்டும். அதைப் பார்த்துவிட்டு எல்லா அருவிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஐந்தருவியில் தண்ணீர் வடிந்தது மலைக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. குற்றாலத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு ஊரில் எந்தக் கேப்டனும் அருவியைப் பார்த்து ஆள் எண்ண மாட்டான்.

தடையில் இரண்டு நாள் சும்மா கிடந்தவர்களுக்கு அருவி திறந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சீசனில் சம்பாதிப்பதை வைத்து மிச்ச மாதங்களை ஓட்டுகிறவர்கள். "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சீக்கிரம் வந்துருவியளா?" என்றுதான் கேட்க முடிந்தது.

மசாஜ்காரன் எழுந்து கையைத் துடைத்தான். "நாலஞ்சு முதுகு பாத்துட்டு வந்துருதேன். வருவேன் அண்ணாச்சி, சொன்னா வருவேன்."

ஆட்டோக்காரன் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "நான் வராம உங்களுக்கு யாரு கோல் போடுவா? கவர் தச்சா போடப் போறிய?" என்றான். "ஆனா ஒண்ணு. பழக்கடைக்காரன் வருவான்னு நினைக்காதிய. அவன் அம்மைய எனக்குத் தெரியும்."

நான் அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும். கடைக்குள் வந்தேன், வெளியே போனேன். மலையைப் பார்த்தேன், மேகம் வந்து கோட்டை மூடிவிட்டது. கடைசியில், சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆட்டோவிலேயே பையோடு ஏறி உட்கார்ந்தேன். "விடுலே ஐந்தருவிக்கு."

"மீட்டர் போடட்டுமா?" என்றான்.

ஐந்தருவி ரோட்டில் வண்டிகள் எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தன. நான் பாதியில் இறங்கி ஓடினேன். முழங்காலுக்குக் கோபம் வந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அருவிக்குப் போகிற வழியில் வரிசையாகத் தார்ப்பாய் போட்ட பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான், முட்டைப்பழம், பிளம்ஸ் எல்லாம் கூறு கூறாக இருக்கும். கீப்பரின் கடை கடைசியில், பாறையை ஒட்டி. கூட்டம் நெருக்கியது. அவன் அம்மா ஒரு கையில் தராசும் ஒரு கையில் பையுமாக நின்றாள். அவன் கடை ஓரத்தில் குச்சியோடு நின்றான்.

அந்தக் குச்சிதான் விஷயம். பாறைமேல் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் கண் தவறினால் ஒரு கொத்து ரம்புட்டான் போய்விடும். அவனுக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து அவன் வேலை அந்தக் குரங்குகளை மறிப்பது. அவன் எப்படி அவ்வளவு நல்ல கீப்பர் ஆனான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் பாறைமேல் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவார்களா?

என்னைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மா குனியவில்லை.

"வாங்க தம்பி. எத்தன கிலோ?"

"அக்கா, இன்னைக்குப் புளியறையில ஆட்டம்..."

"தெரியும். காலைலே சொன்னான். தடைன்னா போயிட்டு வாலேன்னு சொன்னேன். இப்போ தடை இல்லல்லா?"

"கீப்பர் இல்லாம ஆட முடியாதுக்கா. போன வருஷம் மாதிரி..."

"குரங்கு அடிக்கிறதுக்கு ஆள் இல்லாம நான் ஆட முடியுமா? நீங்களே சொல்லுங்க. முன்னால கூட்டம் நிக்கி, பின்னால இந்தச் சனியன்வ நிக்கி. எனக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?" ஒருவருக்கு முட்டைப்பழம் நிறுத்துக் கொடுத்தாள். "உங்களுக்கு அம்புட்டு அவசரம்னா நீங்க வந்து உக்காருங்க. அவன் போவட்டும்."

குத்தலுக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். எனக்குள் கணக்கு ஓடியது. கீப்பர் வராவிட்டாலும் என்னையும் சேர்த்து ஏழு பேர் இருக்கிறோம். ஆள் குறையாது, திருப்பி அனுப்ப மாட்டார்கள். நான் போய் டாஸ் போடலாம். ஆனால் கோலில் யாரை நிறுத்துவது? யாரை நிறுத்தினாலும் பந்து பின்னாலேயே கிடக்கும். நான் இல்லாமல் அவன் போனாலும் ஏழுதான். அப்போது கோல் பத்திரம். டாஸ் போடுவது வேறொருத்தன். இரண்டு கணக்கும் சரியாகத்தான் வந்தது. எந்தக் கணக்கில் நான் இருக்கிறேன் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு குரங்கு பாறையில் இருந்து ஓர் அடி இறங்கியது. பையன் குச்சியை அசைக்கக்கூட இல்லை, தோளை மட்டும் திருப்பினான். குரங்கு திரும்பிப் போய்விட்டது.

"அந்தக் குச்சியக் குடுலே" என்றேன்.

அவன் அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏ தம்பி, நான் சும்மா சொன்னேன்."

"நான் சும்மா கேக்கலக்கா."

அதற்குள் ஆட்டோக்காரன் வழியில் ஏற்றின சவாரியை இறக்கிவிட்டு வந்து சேர்ந்தான். என் கையில் குச்சியைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விஷயம் புரிந்து சிரிப்பு நின்றது. நான் பையில் இருந்து பட்டையை எடுத்தேன். யாரிடம் கொடுப்பது என்பதற்கு யோசிக்க நேரமும் இல்லை, யோசித்திருந்தாலும் அவன்தான். கோல் போடுகிறவன். கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தான்.

"நீங்களே தச்சதா?"

"ம்."

"தையல் நல்லா இருக்கு" என்றான். அவன் என் தொழிலை முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல் பேசியது அப்போதுதான். பட்டையைக் கையில் ஏற்றினான். அவன் கை தடிமனான கை. எலாஸ்டிக் முனகியது.

இருவரும் கூட்டத்துக்குள் மறைந்தார்கள். நான் பழக்கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். உடனே எழுந்தேன்.

அந்த மாலையைப் போல ஒரு மாலை எனக்கு வாய்த்ததில்லை. முன்னால் தலை ஈரத்தோடு ஆட்கள், பின்னால் குரங்குகள், தார்ப்பாயில் சடசடவென்று சாரல். அருவி இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். இப்போது புளியறை போய்ச் சேர்ந்திருப்பார்களா, செங்கோட்டையில் வண்டிகள் மறித்துக்கொண்டிருக்குமா, மசாஜ்காரன் சொன்னபடி வந்தானா, அங்கே மழையா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஒரு தடவை எழுந்து ரோட்டை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை எழுந்தபோதும் பின்னால் பாறையில் இருந்து ஒருவன் இறங்கினான்.

முதல் கொத்து ரம்புட்டான் போனபோது நான் ஓடித் துரத்தினேன். நான் துரத்தின பக்கம் ஒரு குரங்கு, துரத்தாத பக்கம் இன்னொரு குரங்கு. அது மங்குஸ்தானில் கை வைத்தது.

"தம்பி," என்றாள் கீப்பரின் அம்மா, தராசில் இருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க எங்கன நின்னு ஆடுவிய?"

"இடது பக்கம், கடைசியில."

"அதான. வலது பக்கம் வழியா வருது பாருங்க."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், "ஏ அக்கா, உன் கோல்கீப்பர மாத்து! இது வெளியூர் ஆளு போல" என்று கத்தினார். எனக்கு அவமானமாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் என் மனசு அங்கே இருந்தால்தானே அவமானப்பட? அது புளியறையில் டாஸ் போட்டுக்கொண்டிருந்தது. தலையா, பூவா? அவன் எதைச் சொன்னான்? நானாக இருந்தால் பூ சொல்லியிருப்பேன். பல வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

ஆட்டத்தின் பாதி நேரம் என்று நான் மனசில் கணக்கிட்ட சமயத்துக்குக் கொஞ்சம் பிந்தி போன் அடித்தது. ஆட்டோக்காரன்.

"அண்ணாச்சி! கோல் இல்ல, ரெண்டு பக்கமும் இல்ல. ஆனா இவன் போறேங்கான்."

"எவன்?"

"மசாஜ்காரன். ஒரு தப்பு பண்ணுனான், நான் ரெண்டு வார்த்தை சொன்னேன், அதுக்குப் பையத் தூக்கிட்டான். நீங்களே கேளுங்க."

அவன் போனால் ஆறு பேர். அந்தப் பெரிய மனிதர் விசில் ஊதி எங்களை எண்ணுகிற காட்சி என் கண்ணுக்கு முன்னால் வந்தது. போன் கை மாறியது. மசாஜ்காரன் குரல் கேட்டது, மூச்சு வாங்கினான்.

"அண்ணாச்சி, நான் முதுகு பாக்கதுக்கு ஆள் நின்னுச்சு. அத விட்டுட்டு வந்தேன். இவன் எல்லார் முன்னாலயும் எண்ணெக் கைன்னு சொல்லுதான். பந்தக் கையிலயா ஆடுதேன்? சொல்லுங்க."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பேச்சில் நான் சோடை போனவன் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் பார்த்து இரண்டு குரங்குகள் இரண்டு பக்கமும் இறங்கின. ஒரு கையில் போன், ஒரு கையில் குச்சி, கண் பாறையில். "ம்" என்றேன். குச்சியை வலது பக்கம் நீட்டினேன். "ம், சொல்லு." இடது பக்கம் காலை ஓங்கினேன். அவன் சொல்லிக்கொண்டே போனான். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாதது, தடை நாட்களில் வீட்டில் நடந்த பேச்சு, போன ஆட்டத்தில் இதே ஆட்டோக்காரன் பந்து கொடுக்காதது, எல்லாம். நான் "ம்" மட்டும்தான் சொன்னேன். ஒரு குரங்கு என்னைப் பார்த்து ஈ என்று பல்லைக் காட்டியது. "ஈன்னு இளிக்காத, போ அங்கிட்டு" என்று அதட்டினேன்.

"என்னையவா சொல்லுதிய?" என்றான் மசாஜ்காரன்.

"உன்னையில்லலே, குரங்க."

பிறகு அவன் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது சிரிப்பா, இருமலா, லாரி ஹாரனா என்று தெரிவதற்குள் சிக்னல் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை போட்டும் இணைப்பு கிடைக்கவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானா, இறங்கி ஆடுகிறானா? கடை ஓரத்தில் முன்னும் பின்னுமாக நடந்தேன். நடந்த இடத்தில் சேறு குழைந்து பள்ளம் விழுந்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால் அப்படி ஓயாமல் நடந்ததில் குரங்குகளுக்கு இறங்க வழி இல்லாமல் போனது. கீப்பரின் அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"இப்படித்தான் தம்பி, நடந்துக்கிட்டே இருங்க. உக்காந்தாத்தான் உங்களுக்கு ஆகாது போல." பிறகு, ஒரு மங்குஸ்தானை உடைத்து என் கையில் வைத்தாள். "வந்துருவானுவோ. தின்னுங்க."

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஆட்டோ ஹாரன் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. ஜெயித்தாலும் அவன் அப்படித்தான் அடிப்பான், தோற்றாலும் அப்படித்தான் அடிப்பான், அதனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் வண்டிக்குள் தலைகளை எண்ணினேன். ஒரே ஆட்டோவுக்குள் எல்லாரும் அடைந்திருந்தார்கள். சேறும் வேர்வையும் எண்ணெய் வாடையும். எண்ணெய் வாடை வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. மசாஜ்காரன் டிரைவர் பக்கத்தில், பாதி வெளியில் தொங்கிக்கொண்டு வந்தான்.

"ஏழு பேரும் கடைசி வரைக்கும் நின்னோம் அண்ணாச்சி" என்றான் அவன் முதலில். பிறகுதான் மற்றது. கடைசியில் பெனால்டியில் எங்கள் கீப்பர் இரண்டு பந்தை மறித்திருக்கிறான், ஆட்டோக்காரன் கடைசிப் பந்தைப் போட்டிருக்கிறான். ஜெயித்துவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுத்த சுற்று.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பழக்கடையைச் சுற்றி நின்று கீப்பரைத் தூக்கினார்கள். அவன் தூக்கிய நிலையிலேயே, "எம்மா, ரம்புட்டான் ஏன் கொறஞ்சிருக்கு?" என்று கேட்டான். அவன் அம்மா என்னைக் கை காட்டினாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் அவர்களோடு சிரித்தேன், கத்தினேன். ஆனால் என் கண் ஆட்டோக்காரன் கையிலேயே இருந்தது.

அவன் என்னிடம் வந்தான். பட்டை இன்னும் கையில்தான் இருந்தது. தையல் ஒரு பக்கம் விட்டு, எலாஸ்டிக் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"டாஸ்ல என்ன சொன்ன?" என்று கேட்டேன். கேட்க நினைத்தது அது அல்ல.

"பூ" என்றான். "நீங்க எப்பவும் முணுமுணுப்பியள்லா, பூ, பூன்னு. அதான் சொன்னேன். விழுந்துச்சு." பட்டையை உருவி என் கையில் வைத்தான். "தையல் விட்டுட்டு அண்ணாச்சி. தச்சுக் குடுங்க."

அவன் போய்விட்டான். நான் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு நின்றேன். தச்சுக் குடுங்க. யாருக்குக் கொடுக்க? அவனுக்கா? அணிக்கா? பேச்சு வழக்கில் சொன்னானா, உரிமையாகச் சொன்னானா? அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்; அதனால்தான் கேட்கவில்லை.

மறுநாள் கடையைத் திறந்ததும் வண்டி வேலை எதையும் தொடாமல் பட்டையை எடுத்து வைத்தேன். பழைய எலாஸ்டிக்கைப் பிரித்தேன். புதிதாக எந்த அளவுக்கு வெட்டுவது? என் கைக்கு வெட்டினால் அவனுக்கு மறுபடியும் தெறிக்கும். அவன் கைக்கு வெட்டினால் எனக்கு முழங்கை வரை இறங்கிவிடும். கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன், வந்தேன். டீக்கடைக்காரர், "நேத்து ஜெயிச்சாச்சுல்லா, இன்னும் என்னத்துக்கு நடக்கிய?" என்றார்.

கடைசியில் எலாஸ்டிக்கையே வைக்கவில்லை. மழைக் கவர்களுக்குப் போடுகிற ஒட்டுப்பட்டை ஒரு சுருள் கிடந்தது. ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் ஒரு பக்கம் பஞ்சாகவும் இருக்கும், பிரித்தால் சர்ரென்று சத்தம் வரும். அதில் ஒரு துண்டு வெட்டி வைத்துத் தைத்தேன். தடிமனான கைக்கும் ஒட்டும், ஒல்லிக் கைக்கும் ஒட்டும். இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் என் கையில்தான் கட்டிப் பார்த்தேன். நன்றாகவே பிடித்தது.

தைத்து முடிக்கும்போது போன் அடித்தது. பழக்கடை அக்கா.

"தம்பி, வார ஞாயித்துக்கிழம என் மவன் வரணும்னா இப்பவே சொல்லிருங்க. குச்சி பிடிக்க யாரு வாறா? நீங்களா, அந்த ஆட்டோக்காரத் தம்பியா?"

நான் வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தேன். மேகம் பாதி விலகியிருந்தது. கோடு தெரிந்தது, ஆனால் நூலா, திரியா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

"ஐந்தருவியில இப்போ தண்ணி எப்படிக்கா விழுது?" என்று கேட்டேன்.